தனி அடுப்பு

அடுப்பைத் தேய்த்ததுதான் அவள் செய்த முதல் தப்பு.

விடிந்ததிலிருந்து அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் எந்தப் பெண்பிள்ளைக்கும் வீட்டைச் சுத்தம் செய்யத்தான் தோன்றும். தரையைத் துடைத்தாள். ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். அதே வேகத்தில் பின் பால்கனிக்குப் போய், அங்கே மூலையில் இருந்த ஒற்றை அடுப்பையும் கம்பி நார் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள்.

மாமனார் பல் துலக்கிவிட்டு வந்தவர் அடுப்பைப் பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இதை நீ தேய்ச்சியாம்மா?"

"ஆமா மாமா. ஆள் வராங்களே."

"ஒன்றரை மாசமா நான் தினம் சமைச்சுத் திங்கற அடுப்பு இது. அப்படித்தானே எழுதிக் குடுத்திருக்கோம்? இதுல என் மூஞ்சி தெரியுது. பாரு, மீசை வரைக்கும் தெரியுது."

அவள் நாரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

நடந்த கதையை ஒரு வரியில் சொன்னால் இதுதான். மாமனார் ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறவர். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, விரல் உள்ளவர்களுக்கெல்லாம் இவர் விரலால் பித்தான் அமுக்கும் வேலை. பதினொரு வருஷம் தற்காலிகம் தற்காலிகம் என்று இழுத்தடித்தவர்கள், இரண்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று மனசு வந்து அவரை நிரந்தரம் செய்தார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே கடிதம் வந்தது. உங்கள் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, உங்கள் உதவி அட்டை ரத்தாகும் என்று.

அந்த அட்டைதான் அவளுக்கு எல்லாம். அது இருந்தால் மூன்று வயதுப் பையனைக் காப்பகத்தில் விடக் கிட்டத்தட்டக் காசே வேண்டாம். அது இல்லாவிட்டால் காப்பகத்துக்காரர்கள் கேட்பது அவள் பிஸ்கட் கம்பெனியில் நின்றுகொண்டே பொட்டலம் கட்டிச் சம்பாதிப்பது அத்தனையையும். அப்புறம் எதற்கு வேலைக்குப் போவது? வேலையை விட்டாலோ, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலை பார்க்கிற வீட்டுக்குத்தான் அட்டை, உங்களுக்குக் கிடையாது என்பார்கள். இப்படி ஒரு சட்டத்தை யோசித்து எழுதினவனுக்கும் எங்கோ சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வழியைக் கண்டுபிடித்தது அவள் புருஷன். அவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன், எந்தச் சந்துக்கும் குறுக்கு வழி தெரியும். கடிதத்தோடு வந்த மறுவிண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர் அனைவரும் ஒரே குடும்பம்.' அவன் அதைத் தொட்டுக் காட்டினான்.

"அப்ப ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு குடும்பம். அப்பா சம்பளம் நம்ம கணக்குல வராது."

அன்றைக்கே பழைய சாமான் கடையிலிருந்து ஒற்றை அடுப்பு வந்தது. மாமனாரின் கட்டிலும் பெட்டியும் பால்கனிக்குப் போயின. "பழகிக்கணும்பா, திடீர்னு வந்து நின்னா உளறக் கூடாது" என்றான் வேன்காரன். அதனால் அவருடைய சாப்பாட்டுத் தட்டும் பால்கனிக்குப் போயிற்று. சமைப்பது என்னவோ அவள்தான், அதே பழைய அடுப்பில்தான். தட்டு மட்டும் தனி. முதல் வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "என்ன மாமா, தனிக்குடித்தனம் எப்படி இருக்கு?" என்பாள். "வீட்டுக்காரிதான் இல்லை, மத்தபடி சவுகரியம்" என்பார். இரண்டாவது வாரம் அந்தச் சிரிப்பு தேய்ந்துபோயிற்று. அதற்கப்புறம் அவரவருக்கு அவரவர் ஓட்டம்.

"இப்ப என்ன மாமா செய்யறது?"

"பாலை எடு."

"குழந்தைக்கு இருக்கறதே அவ்வளவுதான்."

"கார்டு போச்சுன்னா பாலும் போச்சு. எடும்மா."

பாலைக் காய்ச்சிப் பொங்கவிட்டார். பொங்கி வழிந்து அடுப்பில் கருகியது. இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் கருகியது. இரண்டு முட்டை ஓட்டை நசுக்கி ஓரத்தில் போட்டார். தள்ளி நின்று, படம் வரைந்தவன் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்பத்தான் ஆம்பளை சமைக்கிற அடுப்பு மாதிரி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

துவைத்ததைக் காயப்போட அவள் பொதுக் கொடிக்குப் போனபோது, பக்கத்து வீட்டுத் தையல்காரி எதிரே வந்தாள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காரணம் ஒரு கிளிப். பன்னிரண்டு சிவப்பு கிளிப்பில் ஒன்று காணாமல் போய் ஒரு மாதமாகிறது. "கொடியை நீங்களும்தானே உபயோகிக்கறீங்க" என்று இவள் ஒரு வார்த்தை விட்டாள். "உன் கிளிப்பைத் திருடித்தான் நான் மாளிகை கட்டணுமா" என்று அவள் நாலு வார்த்தை விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மாடிப்படி ஏறி வந்ததில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். வேன்காரன் லீவு போட்டால் சம்பளம் போகும் என்று, பையனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வண்டிக்குப் போயிருந்தான். மாமனாருக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. லிப்ட் சீருடையை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"டீ போடட்டுமா மேடம்?"

"எந்த அடுப்புல?"

அதிகாரி சிரிக்கவில்லை. "வேண்டாம்மா. நான் ஒரு நாளைக்கு ஒன்பது அடுப்பு பாக்கறேன். ஒன்பது டீ குடிச்சா உடம்பு தாங்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

சமையலறையைப் பார்த்தாள். பால்கனிக்குப் போனாள். கருகின அடுப்பைப் பார்த்தாள். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். "பால்" என்றாள். ஒரு பாத்திரம், ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டி. எல்லாவற்றையும் எண்ணுவதுபோல் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உப்பு எங்க பெரியவரே?"

அடுப்பு வாங்கினார்கள், பாத்திரம் வாங்கினார்கள், பொய்யைப் பத்து நாள் ஒப்பித்தார்கள். உப்பை ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் இருந்தது ஒரே உப்பு ஜாடி. அது உள்ளே சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. வேன்காரனுக்கு ரத்த அழுத்தம் என்பதால் அவள் பாதி உப்புப் போட்டுத்தான் சமைப்பாள். வேண்டியவர்கள் மேஜையில் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

"எல்லா வீட்டுலயும் ரெண்டாவது அடுப்பு வந்துடுச்சு" என்றாள் அதிகாரி. அலுத்துப்போன குரல். "ரெண்டாவது உப்பு இருக்கற வீட்டை நான் இன்னும் பாக்கலை."

பேனாவின் மூடியைத் திறந்தாள்.

இவள் மனசு ஓடியது. இன்றைக்குக் காலை ஷிப்டை இரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டாயிற்று. நாளைக்குப் போகலாம். அடுத்த மாதம்? பையனை எங்கே விடுவது?

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"உப்பு இல்லை" என்றார். "கேட்டேன். தரலை."

"யாரு தரலை?"

"இவதான். என் மருமக."

அதிகாரியின் பேனா நின்றது. மாமனார் அவளைப் பார்க்கவில்லை. லிப்டில் மாடி எண் மேலே மாறுவதைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கொஞ்சம் உப்பு குடும்மான்னு கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. ஒரு தடவை கேட்டேன். ரெண்டாம் தடவை கேக்கலை. நான் சம்பாதிக்கறவன், எனக்கென்ன தலையெழுத்து? கிடைச்சதை வேகவெச்சுத் தின்னுட்டு இங்கேயே படுத்துக்கறேன். சாப்பிட்டீங்களான்னு கேக்கறதுக்கு நாதி கிடையாது. குழந்தை மட்டும் எட்டிப் பாக்கும். அதையும் உள்ளே கூப்பிட்டுக்குவாங்க."

பேச்சில் தடங்கலே இல்லை. ஒப்பித்த பாடத்தில் இது எதுவும் கிடையாது.

அதிகாரி திரும்பினாள். "நிஜமாம்மா? பெரியவர் உப்பு கேட்டு நீ தரலையா?"

பதினொரு வருஷமாக அந்த மனிதருக்கு அவள் சோறு போடுகிறாள். காய்ச்சலில் கிடந்தபோது வாந்தியை அள்ளிப்போட்டவள். இல்லை என்று சொன்னால் அட்டை போகும். ஆமாம் என்று சொன்னால்?

"ஆமா மேடம்" என்றாள். "தரலை."

"வெளியில ஒருத்தர் சாட்சி வேணும். பக்கத்து வீட்டுல யாரு?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தையல்காரி ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டே வந்து நின்றாள். போச்சு, ஒரு கிளிப்பில் எல்லாம் போச்சு என்று இவள் நினைத்தாள்.

"பெரியவர் தனியாத்தான் சாப்பிடறாரா?"

தையல்காரி பால்கனியைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

"தனியாத்தான். என் மெஷின் அந்த ஜன்னல் ஓரம்தான் இருக்கு. தினமும் பாக்கறேன். சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்து சாப்பிடுவாரு."

கையெழுத்துப் போட்டாள். வாசலில் இவள் மெதுவாக, "ரொம்ப உபகாரம்க்கா" என்றாள்.

"உனக்காக ஒண்ணும் பொய் சொல்லலை" என்றாள் தையல்காரி. "பாத்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்."

அதிகாரி அட்டையில் முத்திரை குத்தினாள். ஒரு வருஷத்துக்குச் செல்லும். நடுவில் எந்த நாளும் மறுபடி வந்து பார்க்கலாம் என்றாள். இவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். அதிகாரி பைக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்தாள். அது ரோஸ் நிறம்.

"இது என்ன மேடம்?"

"இது வேற பிரிவு. பெத்தவங்களைப் பாத்துக்காத பிள்ளைங்களுக்கு." நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டே எழுதினாள். "உன் வீட்டுக்காரர் வியாழக்கிழமை பத்து மணிக்கு வரணும். பெரியவரும் வரணும். பாத்துக்கலைன்னு ஆச்சுன்னா மகன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சு இவருக்குக் குடுப்பாங்க."

"ஐயோ, நாங்க பாத்துக்கறோம் மேடம்."

"அங்க அதுக்கு ஆதாரம் கேப்பாங்க."

"குடுக்கறோம்."

"குடுத்தா ஒரே அடுப்புன்னு ஆயிடும். இந்த கார்டை நானே திரும்ப வந்து வாங்கிக்கிட்டுப் போகணும்."

அதிகாரியின் முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"கேட்டதை எழுதாம போனா எனக்கு வேலை போகும்மா. ஒரு வழிதான் இருக்கு. பெரியவரே வந்து, எனக்கு என் சம்பளம் போதும், மகன்கிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு அவர் வாயால சொல்லணும். சொல்லிட்டா கார்டும் நிக்கும், இந்தத் தாளும் குப்பைக்குப் போகும்."

அதிகாரி படியிறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் அவள் முழங்கால் சத்தம் போட்டது மேலே வரைக்கும் கேட்டது.

மாமனார் சீருடைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். "ரொம்ப நல்லாப் பேசினீங்க மாமா" என்றாள் அவள். என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "ம்" என்றார்.

சாயங்காலம் ஷிப்டு பாதியில் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, பையனைக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தாள். கையில் பிஸ்கட் வாசனை. வேன்காரன் அவளுக்கு முன்னால் வந்து ரோஸ் தாளோடு உட்கார்ந்திருந்தான். மாமனாரும் அரை நாள் வேலை முடித்து வந்து, பால்கனியில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பெத்தவரைப் பாத்துக்காத பிள்ளை" என்று வாசித்தான். "என் பேரு போட்டு எழுதியிருக்கா. வேன் ஆபீஸ்ல தெரிஞ்சா நாறிடும். நீ அங்க நின்னுக்கிட்டு என்னடி செஞ்சே?"

"நான் என்ன செய்ய? உப்பு எங்கன்னு கேட்டா. நீங்கதானே எல்லாம் யோசிச்சீங்க, உப்பை யோசிச்சீங்களா?" மாமனார் சொன்னதையும் அதிகாரி சொன்ன வழியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அதுக்குன்னு இப்படியா? உப்பு தீந்துபோச்சு, இன்னிக்கு வாங்கணும்னு சொன்னாப் போதாதா?" குரலை உயர்த்தினான். "அப்பா, வியாழக்கிழமை வந்து ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தை. அதோட விட்டுது."

பால்கனியில் மாமனார் சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா? என்னப்பா பாக்கலாம்?"

வேன்காரன் அவள் பக்கம் திரும்பி, கையை விரித்தான். அவள் சமையலறைக்குப் போனாள். அப்படி என்ன பொய் சொல்லிவிட்டார், நமக்காகத்தானே சொன்னார் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். சாப்பாட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பால்கனி வாசலில் போய் நின்றாள்.

"மாமா, இன்னிக்கு உள்ள வந்து சாப்பிடுங்க. பாக்க வேண்டியவங்க பாத்துட்டுப் போயாச்சு."

"எப்ப வேணாலும் வருவேன்னு சொல்லிட்டுத்தானே போயிருக்கா. இங்கேயே குடு."

தட்டை எடுத்துக்கொண்டாள். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக உப்பு ஜாடியையும் கூடவே எடுத்துக்கொண்டாள். பால்கனியில் ஜாடி வைக்க இடமில்லை. ஜன்னல் விளிம்பில் அவருடைய சவரச் சாமான் டப்பா இருந்தது. அதை ஒரு ஓரமாக நகர்த்தினாள்.

பின்னால் ஒரு உப்புப் பொட்டலம் இருந்தது.

கடையில் விற்கிற சின்னப் பொட்டலம். மூலையில் கத்தரித்து, காற்றுப் புகாமல் இரண்டாக மடித்து, மேலே ஒரு கிளிப் போட்டிருந்தது. சிவப்பு கிளிப். பொட்டலத்தில் பாதிக்கு மேல் காலி.

ஒரு மாதம். கிளிப் காணாமல் போய் ஒரு மாதம்.

அவளுக்கு அந்தக் காலை நேரம் ஞாபகம் வந்தது. வந்ததா, இல்லை இப்போது மனசு சோடித்துக் காட்டுகிறதா, தெரியவில்லை. பையன் செருப்பைப் போடமாட்டேன் என்று உருண்டுகொண்டிருந்தான். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. பின்னாலிருந்து ஏதோ ஒரு குரல், "ஏம்மா, கொஞ்சம்" என்று. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஓடினாள். அப்புறம் அவள் பார்க்கவேயில்லை.

மாமனார் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்தார். தட்டை மடியில் வாங்கிக்கொண்டார்.

"எப்ப மாமா கேட்டீங்க?"

"நீ ஷிப்டுக்கு ஓடிக்கிட்டிருந்தே."

"அந்தம்மா உப்பு எங்கன்னு கேட்டப்ப இது இங்கதானே இருந்துது."

"இங்கதான் இருந்துது."

"எடுத்துக் காட்டியிருக்கலாமே மாமா. அதோட முடிஞ்சிருக்குமே. கார்டும் வந்திருக்கும், அந்தத் தாளும் வந்திருக்காது."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். மென்று விழுங்கினார்.

"காட்டியிருக்கலாம்" என்றார்.

உள்ளே பையன் தம்ளரை உருட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்து ஜன்னலில் தையல் மெஷின் ஓடி, நின்றது.

அவள் கொண்டுவந்த ஜாடியை அவர் தொடவில்லை. கையை நீட்டிப் பொட்டலத்தை எடுத்தார். கிளிப்பைக் கழற்றி, ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றில் தூவிக்கொண்டு, இரண்டாக மடித்து, பழையபடி கிளிப்பைப் போட்டு, டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

"வியாழக்கிழமை எத்தனை மணின்னு சொன்னா?"

"பத்து."

"லீவு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட ஆரம்பித்தார்.